பிறந்தநாளுக்கு ஒரு காய்ந்த பூ... அனுப்பறது யாரு?

82 வயசுத் தாத்தாவுக்குப் பிறந்தநாள். தபால்ல ஒரு பார்சல் வருது. பிரிச்சா, ஃப்ரேம் போட்ட ஒரு காய்ந்த பூ. அனுப்பினவங்க பேர் இல்லை. போன வருஷமும் இதே மாதிரி, அதுக்கு முந்தின வருஷமும் இதே மாதிரி. தாத்தா உடனே, ரிட்டயர் ஆன ஒரு போலீஸ் அதிகாரிக்கு போன் போடுறார்...

ஸ்டீக் லார்சன் எழுதிய 'தி கேர்ள் வித் தி டிராகன் டாட்டூ' நாவல் இப்படித்தான் ஆரம்பிக்குது. 2005-ல ஸ்வீடன்ல வெளியாகி, 2008-ல இங்கிலீஷுக்கு வந்து, கோடிக்கணக்குல வித்த புத்தகம்.

தாத்தா பேரு ஹென்ரிக் வாங்கர். பெரிய தொழிலதிபர். சின்ன வயசுல இருந்தே பிறந்தநாளைக்கு அவருக்குப் பூ கொடுத்தது அண்ணன் வழிப் பேத்தி ஹாரியெட். 1966-ல, 16 வயசுல அந்தப் பொண்ணு காணாமப் போயிடுறா. ஆனா பூ மட்டும் நிக்கல! கொலை பண்ணினவன்தான் தன்னைச் சித்ரவதை பண்றான்னு நினைக்கிறார் கிழவர்.

அன்னைக்கு ஹெடெபி தீவுல மொத்தக் குடும்பமும் கூடியிருந்துச்சு. பாலத்துல டேங்கர் லாரி மோதி வழி அடைபட்டுப் போச்சு. வெளிய யாரும் போகலை, உள்ள யாரும் வரலை. அப்படின்னா செஞ்சது சொந்தக்காரங்கள்ல ஒருத்தர்தானே?

துப்பறிய வர்றவர் மிக்கேல் புளூம்க்விஸ்ட். அவதூறு வழக்குல தோத்துப்போன பத்திரிகையாளர். வெளியுலகத்துக்கு அவர் எழுதறது 'குடும்ப வரலாறு'. எழுத எழுத நாற்றம் கிளம்புது. ஹென்ரிக்கோட சகோதரர்கள்லயே நாஜி கட்சிக்காரங்க உண்டு. ஒரே தீவுல எதிரும் புதிருமா வீடு, ஆனா பல வருஷமாப் பேச்சுவார்த்தை கிடையாது. எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். யாரும் யாரையும் கேட்கலை. அந்த மௌனம்தான் சார் நிஜமான வில்லன்!

புத்தகத்தோட உச்சம்னா அந்த போட்டோ சமாச்சாரம்தான். காணாமப் போன அன்னைக்குப் பகல்ல ஊர்வலம் பார்க்க ஹாரியெட் தெருவுல நிக்கிறா. பத்திரிகை போட்டோகிராபர் வரிசையா எடுத்த படங்கள்ல, திடீர்னு அவ முகம் மாறுது. எதிர்ல எதையோ, யாரையோ பார்த்து மிரளுறா. யாரைன்னு படத்துல இல்லை. ஆனா அவளுக்குப் பின்னால ஒரு பொண்ணு கேமராவைத் தூக்கி அதே திசையைப் படம் எடுத்துக்கிட்டிருக்கா! யாரோ ஒரு வெளியூர்க்காரி. அந்தப் படம் இன்னும் எங்கயாவது இருக்குமா? காருல ஒட்டியிருந்த ஒரு ஸ்டிக்கரை மட்டும் வெச்சுக்கிட்டு புளூம்க்விஸ்ட் தேடிக் கிளம்புற பக்கங்கள்ல ஒரு துப்பாக்கிகூட கிடையாது. ஆனா கீழ வைக்க முடியாது.

அப்புறம் லிஸ்பெத் சலாண்டர். 24 வயசு, டாட்டூ, ஹேக்கிங், யாரையும் நம்பாத கண்ணு. சட்டப்படி அவளுக்கு ஒரு காப்பாளர் உண்டு. அந்தக் காப்பாளரே அவளுக்குச் செய்யற கொடுமையைப் படிக்க மனசு திடமா இருக்கணும். ஸ்வீடிஷ்ல நாவலோட பேரே 'பெண்களை வெறுக்கும் ஆண்கள்'. இங்கிலீஷ்காரங்க அதை டாட்டூவா மாத்தினது வியாபார புத்தி. சொல்ல வந்த விஷயமே தலைப்புல இருந்துச்சே!

குறையும் உண்டு. முதல்ல கம்பெனி, பங்கு, மோசடின்னு பக்கம் பக்கமா இழுக்கும். பலர் அங்கேயே புத்தகத்தை மூடிடறாங்க. மூடாதீங்க. வாங்கர் குடும்ப மரத்தை ஒரு பேப்பர்ல எழுதி வெச்சுக்கிட்டா குழப்பம் இல்லை. மர்மம் உடைஞ்ச பிறகும் கதை நீளுது. அது எடிட்டர் தூங்கின இடம்.

லார்சன் இந்த வெற்றியைப் பார்க்கலை. 2004 நவம்பர்ல, 50 வயசுல மாரடைப்பு. நவ நாஜிகளை எதிர்த்து 'எக்ஸ்போ' பத்திரிகையில எழுதினவர். அந்த ஆபத்தாலதான் நாங்க கல்யாணம் பண்ணிக்கலைன்னு சொன்னார், 32 வருஷம் கூட வாழ்ந்த ஈவா கேப்ரியல்சன். விளைவு? செல்லுபடியாகிற உயில் இல்லை, கல்யாணப் பதிவும் இல்லை. ஸ்வீடன் சட்டப்படி சொத்தும் புத்தக உரிமையும் அப்பாவுக்கும் தம்பிக்கும் போச்சு. குடும்ப ரகசியம் எழுதினவர் வீட்லயே குடும்பச் சண்டை!

2009-ல ஸ்வீடிஷ், 2011-ல டேவிட் ஃபிஞ்சர் இயக்கத்துல ஹாலிவுட்னு ரெண்டு படம் வந்தாச்சு. ரெண்டுமே நல்லாயிருக்கும். ஆனா அந்த போட்டோவை மட்டும் முதல்ல புத்தகத்துல பார்த்துடுங்க.