கூரையின் வெப்பத் தடுப்பு: எவ்வளவு செலவு தகும்?

வெம்பாக்கம் தாலூகாவிலும் ஆரணிப் பக்கத்திலும் கீற்றுக் கூரைகள் குறைந்து கான்கிரீட் மச்சுகள் பெருகியுள்ளன. கீற்றினிடையே அடைபட்ட காற்று வெயிலைத் தடுத்து வந்தது. கான்கிரீட்டோ பகலெல்லாம் உஷ்ணத்தை வாங்கி வைத்து, இரவில் வீட்டினுள்ளே விடுகின்றது. இதனால் உறக்கம் கெடுகின்றது. சேமித்த விதை நெல்லின் முளைப்புத் திறன் குன்றுகின்றது. தறி வீடுகளில் பட்டிழை ஈரப்பசை இழந்து அறுகின்றது. ஆகவே தடுப்பு வேண்டுமென்பதில் ஐயமில்லை. எம்மட்டும் செலவு செய்யலாம் என்பதே ஆராயத் தக்கது.

முதலிற் செய்யத் தக்கது வெள்ளைச் சுண்ணாம்புப் பூச்சு. வெண்மையான தளம் வெயிலின் பெரும் பகுதியைத் திருப்பி விடும். மழையில் இது கரையுமாதலால், ஆண்டுதோறும் மாசி மாதத்திற் புதுப்பித்தல் வேண்டும். செலவோ சொற்பம். தெலிங்கானா அரசாங்கத்தார் 2023-ஆம் வருஷத்தில் குளிர்கூரைக்கென்றே ஒரு கொள்கை வகுத்தமை இதன் பயனுக்குச் சான்றாகும்.

அடுத்தது தெர்மாகோல் பலகை. இதனை மச்சின்மேற் பரப்பி, நீர் புகாதபடி காரையும் தட்டோடும் இடுதல் வேண்டும். நனைந்தால் பயன் குன்றும். வெறும் மச்சின் வழியே 100 பங்கு உஷ்ணம் இறங்குவதாகக் கொண்டால், ஓரங்குலப் பலகையிட்ட பின் ஏறக்குறைய 30 பங்கும், இரண்டங்குலத்தில் 18 பங்கும், மூன்றங்குலத்தில் 13 பங்குமே இறங்கும். முதல் அங்குலம் 70 பங்கைத் தடுக்க, இரண்டாவது 12 பங்கையும், மூன்றாவது 5 பங்கையுமே தடுக்கின்றது. விலையோ அங்குலத்திற்கு அங்குலம் ஏறிக்கொண்டே போகும்.

எனவே ஒவ்வோர் அங்குலத்தையும் தனித்தனியே கணக்கிடுதல் நலம். உதாரணமாக, குளிர்சாதனமுள்ள வீட்டில் இரண்டாம் அங்குலத்திற்கு 10,000 ரூபாய் செலவாகி, மின் கட்டணத்தில் வருஷம் 1,000 ரூபாய் மிச்சமாவதாக வைத்துக்கொள்வோம். சொந்தப் பணமாயின் முதல் திரும்பப் பத்து வருஷமாகும். நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டிக்கு வாங்கிய கடனாயின், வட்டி மட்டுமே வருஷம் 1,200 ரூபாய். மிச்சம் வட்டிக்கும் போதாது. அத்தகைய செலவை விலக்குதலே விவேகம்.

குளிர்சாதனமில்லாத வீடுகளில் மிச்சத்தை ரூபாயில் மாத்திரம் அளத்தல் இயலாது. அறுந்த இழைகளை முடிவதிற் கழியும் பொழுதையும், முதியோர் குழந்தைகளின் சுகத்தையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும். அங்கும் சுண்ணாம்பும் ஓரங்குலமும் பெரும்பாலும் போதும். கிராம அதிகாரிகள் பள்ளிக்கூடம் முதலிய பொதுக் கட்டடங்களில் முதலிற் சுண்ணாம்பு பூசுவித்தால், பயனைக் குடிகள் கண்கூடாகக் கண்டு பின்பற்றுவர்.