எலுமிச்சைத் தளிருக்குள் ஒரு ரகசியப் பாதை

வீட்டு எலுமிச்சையில் புதுத் தளிர் விட்டிருக்கிறதா? உடனே ஓடிப்போய்ப் பாருங்கள்! இலைமேல் யாரோ வெள்ளி மையால் கிறுக்கினாற்போல வளைந்து நெளிந்து ஒரு கோடு ஓடினால், உங்களுக்கு யோகம்தான். உள்ளே ஆள் இருக்கிறது!

இலைத் துளைப்பான் என்கிற குட்டி அந்துப்பூச்சியின் புழு அது. 1856-இல் ஸ்டெயின்டன் என்ற ஆங்கிலேயர், கல்கத்தாவில் கிடைத்த பூச்சிகளை வைத்துத்தான் இதற்கு ஃபில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா என்று பெயர் வைத்தார். ஆக, இந்தப் பூச்சி நம்ம ஊர்க்காரர்!

ஒரு லென்ஸ் எடுத்துக்கொண்டு இலையை வெயிலுக்கு நேராகப் பிடியுங்கள். கோட்டின் அகன்ற முனையில் வெளிர்மஞ்சளாய், தட்டையாய், கால்களே இல்லாமல் ஒரு உயிர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறது, தெரிகிறதா? முட்டையின் அடிப்பக்கத்தைத் துளைத்து நேரே இலைக்குள் இறங்கியது அது. இலையின் மேல்தோல் ஒரே அடுக்கு செல்தான். அந்த அடுக்குக்குள்ளேயே செல்களைக் கீறிச் சாறு குடித்தபடி முன்னேறுகிறது. மேலே மிஞ்சும் மெல்லிய படலத்துக்கு அடியில் காற்று புகுந்துவிடுவதால்தான் அந்த வெள்ளிப் பளபளப்பு. நடுவில் கறுப்பாக ஓடும் இழை? புழுவின் எச்சம்! எங்கெங்கே திரும்பியது என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கிறது.

முற்றிய இலை இதற்கு ஆகாது, தளிர்தான் வேண்டும். கீறிய இடம் வழியாகச் சொறிநோய் பாக்டீரியா நுழைந்துவிடும் என்பதால் எலுமிச்சை விவசாயிகள் கவலைப்படுவதில் நியாயம் உண்டு. ஆனால் வீட்டில் வளர்ந்து நிற்கும் மரத்துக்கு மருந்து அடிக்காதீர்கள், ப்ளீஸ்! இதை வேட்டையாடும் குட்டிக் குளவிகளும் சேர்ந்து செத்துப்போகும். 1993-இல் இந்தப் பூச்சி ஃப்ளோரிடாவில் தலைகாட்டியதும், அடுத்த வருடமே ஆஸ்திரேலியாவிலிருந்து அஜெனியாஸ்பிஸ் என்ற குளவியை வரவழைத்தார்கள். அதன் ஒரு முட்டையிலிருந்து பல குளவிகள் பிறக்கும். ஒரே முட்டை!

எனக்கு ரொம்பப் பிடித்தது கடைசிக் காட்சி. வளர்ந்த புழு சாப்பாட்டை நிறுத்திவிட்டு இலையோரத்துக்கு வந்து பட்டு நூற்கிறது. நூல் இறுக இறுக இலையோரம் மடங்கி மூடிக்கொள்ள, அதற்குள் கூட்டுப்புழு. அதன் நெற்றியில் கூரான ஒரு முள். நேரம் வந்ததும் அந்த முள்ளால் மடிப்பைக் கிழித்துப் பாதி உடம்பை வெளியே நீட்டும். கூடு வெடிக்கும். வெளியே வருவது, சிறகை விரித்தாலும் அரை சென்டிமீட்டர்கூடத் தேறாத வெள்ளி அந்து. சிறகு நுனியில் ஒரு கறுப்புப் பொட்டு!