நிலத்தடி வடிகாற் குழாயும் அதன்மேல் ஏறும் பாரமும்

தம்பலகாமம், கிண்ணியா, மூதூர் முதலிய இடங்களின் தாழ்ந்த காணிகளில் வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் நீர் தேங்குவது கமக்காரர் யாவரும் அறிந்ததே. மிளகாய், கத்தரி முதலிய மரக்கறிப் பாத்திகளின் அடியிலும், வயலை ஊடறுக்கும் வண்டிப் பாதைகளின் அடியிலும் நீரை வடிக்கப் பிளாஸ்டிக் குழாய் புதைப்பதுண்டு. புதைத்த குழாய் நசுங்கினாற் கண்ணுக்குத் தெரியாது. பெருமழையிற் பயிர் மூழ்கிய பின்னரே தெரியவரும்.

மட்குழாயும் சீமெந்துக் குழாயும் விறைப்பானவை. அவை பாரத்தைத் தாமே தாங்கும். தாங்க இயலாதபோது வெடிக்கும். பிளாஸ்டிக் குழாயின் இயல்பு வேறு. பாரம் ஏறியதும் அதன் முகடு சற்றுத் தாழ, விலாக்கள் வெளியே பிதுங்கும். பக்கத்து மண் இறுகியிருப்பின் அவ்விலாக்களை எதிர்த்துத் தாங்கும். தளர்ந்திருப்பின் குழாய் மேலும் தட்டையாகும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், புதைத்த குழாயின்மேல் விழும் மண்பாரத்தை மாஸ்டன் 1913ஆம் ஆண்டிலும், நெகிழும் குழாய் தட்டையாகும் அளவை ஸ்பாங்லர் 1941ஆம் ஆண்டிலும் கணக்கிட்டுக் காட்டினர். நெகிழும் குழாய்க்குப் பக்கத்து மண்ணே பலம் என்பது இவற்றால் விளங்கும்.

சில்லின் பாரம் ஆழத்திற் பரந்து குறையும். ஒரு புள்ளியில் அழுத்தும் பாரத்திற்கு, ஆழம் இருமடங்கானால் நேர்கீழே அழுத்தம் ஏறக்குறைய நாலிலொன்றாகும். ஆகவே உழவு யந்திரமும் அறுவடை யந்திரமும் செல்லுமிடத்தில், குழாயின்மேல் 2 அடி மண்ணாவது இருத்தல் வேண்டும்.

புதைக்கும் முறை வருமாறு:

1. கிடங்கின் அடியைச் சமப்படுத்தி, கற்களை நீக்குக. கூரிய கல் ஓரிடத்தில் அழுத்திக் குழாயைக் குழியச் செய்யும்.

2. இருபுறமும் அரையடி இடம் விட்டு, பருமணலை அரையடிப் படைகளாக இட்டு இடிக்குக. நனைந்த களிமண் இளகிவிடுமாதலால், அதனைப் பக்கங்களில் இடலாகாது.

3. குழாயின் அடிவயிற்றின் இருபக்கமும் வெற்றிடமின்றி மணலைக் கையாற் செருகுக.

4. மேல்மண் 2 அடி நிரம்பி இறுகுமுன் யந்திரத்தை ஏற்றற்க.

குழாயின் விட்டம் நூற்றுக்கு 5 பங்கிற்கு மேற் குறையாதிருத்தல் நன்று. பாதையின் கீழுள்ள குழாயைச் சோதித்தல் எளிது. உள்விட்டம் 100 மில்லிமீற்றராயின், 95 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருண்டைக் கட்டையொன்றைக் கயிற்றிற் கட்டி உள்ளே இழுக்குக. கட்டை தடைப்படின், அவ்விடத்தைத் தோண்டிப் பக்க மண்ணைத் திரும்ப இடித்தல் வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் இதனைச் செய்வோர் பெரும்போகத்திற் பயிரை நீருக்கு இழக்கார்.