மலை ஏறப் போகிறீர்களா?

மத்தூரிலிருந்து பஸ்ஸில் கிருஷ்ணகிரிக்குப் போனால், ஊரை ஒட்டினாற்போல் நிற்கும் சையத் பாஷா மலை கண்ணில் படும். "இவ்வளவுதானே! ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏறிவிட்டால் போயிற்று" என்று தோன்றும். அவசரப்படாதீர்கள், சகோதரிகளே!

1791 நவம்பரில் அவசரப்பட்டவர் ஒருவர் உண்டு. திப்பு சுல்தானுடன் நடந்த யுத்தத்தில், மாக்ஸ்வெல் என்ற தளபதியின் கும்பெனிப் படை இரவில் அடிவாரக் கோட்டையைப் பிடித்தது. அதே வேகத்தில் உச்சிக் கோட்டைக்கும் ஓடியது. மேலிருந்து உருண்டு வந்த கற்களில் ஏணிகள் நொறுங்கின. படை திரும்பியது. மறு வருஷம் உடன்படிக்கையில்தான் கோட்டை கும்பெனிக்குக் கிடைத்தது.

நமக்குக் கல் உருட்ட ஆளில்லை, வெயில்தான் எதிரி. மொட்டைப் பாறை சூடேறினால் அடுப்புதான். ஆகவே மார்கழி, தை மாதங்களே உத்தமம். விடிந்ததும் ஏறி, பத்து மணிக்குள் இறங்கிவிடுங்கள். மழை பெய்திருந்தால் பாறை வழுக்கும், போகவே வேண்டாம்.

ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், கட்டுச்சாதம், வழுக்காத செருப்பு அவசியம். சேலை தடுக்காதபடி இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். குழந்தைகளை நடுவில் வையுங்கள்.

முக்கியமான விஷயம்: திரும்பும் நேரத்தை வீட்டிலேயே முடிவு செய்துவிடுங்கள். "இதோ உச்சி வந்துவிட்டது" என்பார் உங்கள் வீட்டுக்காரர். குழந்தைக்குத் தலை சுற்றினால், பாட்டிக்கு மூச்சு வாங்கினால், அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். இறங்கும்போதுதான் முழங்காலுக்குச் சோதனை. அதற்கும் தெம்பு மிச்சம் வேண்டுமே!

மாக்ஸ்வெல்லே திரும்பினார். நாம் திரும்புவதில் என்ன வெட்கம்?