கடவுச்சொல் தவறென்று சொன்னது யார்?

வீட்டில் வைஃபை வைத்திருப்பவர்களுள், சரியான கடவுச்சொல்லைத்தான் கொடுத்தோம் என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தும், அது தவறு என்று கைப்பேசி திரும்பத் திரும்பச் சாதிப்பதைக் கண்டு தம்முடைய ஞாபகசக்தியின் மீதே சந்தேகம் கொள்ளாதவர்கள் அபூர்வம். அந்தச் சமயத்தில் அதே எழுத்துக்களை முன்னிலும் அழுத்தமாகத் தட்டிப் பார்ப்பது மனித சுபாவம். ஆனால் அதற்கு முன்னால் விசாரிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கடவுச்சொல் தவறென்று கைப்பேசிக்குச் சொன்னது யார்?

ரவுட்டர் சொல்லவில்லை. 2004ஆம் ஆண்டில் நியமமாக அங்கீகரிக்கப்பட்டு, டபிள்யூபிஏ2 என்ற பெயரில் இன்றும் ஏராளமான வீடுகளில் அமலிலிருக்கும் ஏற்பாட்டின்படி, நாம் தட்டும் கடவுச்சொல் ஒரு தடவைகூடக் காற்றில் பிரயாணம் செய்வதில்லை. 8 முதல் 63 எழுத்துக்கள் வரை இருக்கக்கூடிய அந்தச் சொல்லையும் நெட்வொர்க்கின் பெயரையும் ஒன்றாகச் சேர்த்து, கல்வத்தில் மருந்தை ஜாமக்கணக்காக அரைக்கும் சித்த வைத்தியரைப் போல, கணித முறையில் 4096 சுற்று அரைத்து, 256 பிட் நீளமுள்ள ஒரு சாவியைக் கைப்பேசி தன்னிடத்திலேயே தயாரித்துக்கொள்கிறது. ரவுட்டரும் தன் பங்குக்கு அவ்விதமே ஒன்றைத் தயாரித்து வைத்திருக்கிறது. பிறகு இரண்டும் நான்கு செய்திகளைப் பரிமாறி, சாவியை வெளிக்காட்டாமலே, எதிர்த்தரப்பிலும் அதே சாவி இருக்கிறதா என்று பரீட்சித்துக்கொள்கின்றன. கைப்பேசி அனுப்பும் இரண்டாவது செய்தியில் சாவியைக் கொண்டு இட்ட முத்திரை ஒத்துவராவிட்டால், ரவுட்டர் யாதொரு காரணமும் கூறாமல் அதை ஒதுக்கிவிட்டு, முதற் செய்தியையே சில தடவை மறுபடியும் அனுப்பிப் பார்த்து, கடைசியில் தொடர்பைத் துண்டித்துக்கொள்கிறது. அந்தச் சந்தர்ப்பத்திற்கென்று நியமத்தில் வகுத்திருக்கும் 15ஆம் எண் காரணத்தின் பொருள்கூட, பரிமாற்றத்துக்குரிய காலம் கடந்துவிட்டது என்பதுதான். கடவுச்சொல்லைப் பற்றிய பிரஸ்தாபமே அதில் கிடையாது.

ஆகவே தவறு என்பது கைப்பேசியின் அனுமானம். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்குள்ளே இந்த வேலையைக் கவனிக்கும் மென்பொருள், தன் உள்குறிப்பில், சாவி தவறாக இருக்கலாம் என்று நிதானமாகத்தான் எழுதிவைக்கிறது. திரைக்கு வந்து சேர்வதற்குள் அந்த நிதானம் போய், அனுமானமே தீர்ப்பாகிவிடுகிறது.

அந்த அனுமானம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ரவுட்டரின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில், எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில், இரண்டு கடவுச்சொற்கள் அச்சாகியிருப்பது வழக்கம். ஒன்று வைஃபைக்கு, மற்றது ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்துக்குள் நுழைவதற்கு. அவசரத்தில் இரண்டாவதை முதலாவதாக எண்ணித் தட்டுகிறவர்கள் அநேகர். பூஜ்யத்துக்கும் 'ஓ' எழுத்துக்கும், ஒன்றுக்கும் சிறிய 'எல்' எழுத்துக்கும் அங்கே வித்தியாசம் காண்பது கஷ்டம். கைப்பேசியால் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பதே உத்தமம். தவிரவும், இணைப்புக் கொடுக்க வந்த பையன் ரவுட்டரைச் சுவரில் திருகாணியிட்டுப் பொருத்தும்போதே வீட்டுக்காரரின் பெயரையும் கைப்பேசி எண்ணின் சில இலக்கங்களையும் சேர்த்துப் புதிய கடவுச்சொல் ஒன்றை வைத்துவிட்டுப் போயிருப்பான். சீட்டில் இருப்பது அன்றோடு காலாவதியாகிவிட்டது.

இன்னொரு வகைப் பிழை கண்ணுக்கே புலப்படாது. ஊரிலிருந்து வந்த விருந்தாளிக்கு வாட்ஸப்பில் கடவுச்சொல்லை அனுப்புகிறோம். அனுப்புகிறவருடைய கைப்பேசி, புது வாக்கியம் ஆரம்பிக்கிறது என்று தானாக முடிவுசெய்து, முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக மாற்றிவிடுகிறது. எடுத்து ஒட்டுகிறவர் வாலில் ஒரு காலி இடத்தையும் சேர்த்தே எடுக்கிறார். இரண்டும் நம் கண்ணுக்கு அற்பம், கணக்குக்கோ முற்றிலும் வேறான சாவி. கடவுச்சொல்லைத் தட்டும் கட்டத்தின் ஓரத்தில் உள்ள கண் சின்னத்தைத் தொட்டு, எழுத்துக்களைத் தெரியவைத்துப் பார்த்துவிட்டால் பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

தமிழ்ப்பற்றினால் நெட்வொர்க்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் தமிழிலேயே வைக்க ஆசைப்படுவோர்க்கு ஓர் எச்சரிக்கை. பெயருக்கு 32 பைட்டுகளே இடம். யூனிகோடு தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட்டுகளை எடுத்துக்கொள்வதால், 'முல்லை' என்பதற்கு 18 பைட்டுகள் போதுமாயிருக்க, 'முல்லை இல்லம்' என்பது 37 ஆகி வரம்பைத் தாண்டிவிடுகிறது. கடவுச்சொல்லுக்கு நியமம் அனுமதிப்பதோ ஆங்கில விசைப்பலகையில் உள்ள 95 குறிகளை மட்டுமே. ஏதோ ஒரு ரவுட்டர் தாட்சணியத்தினால் தமிழை ஏற்றுக்கொண்டாலும், டிவியும் பிரிண்டரும் அதை அவ்விதமே ஏற்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

சாவியில் பெயரும் கலந்திருக்கிறது என்றேன். சாதனங்கள் நெட்வொர்க்கை அடையாளம் கண்டுகொள்வதும் பெயரைக் கொண்டுதான். ஆகவே கடவுச்சொல்லை மாற்றாமல் பெயரை மாத்திரம் மாற்றினாலும் வீட்டிலுள்ள சாதனங்கள் யாவும் இணைப்பை இழந்துவிடும். இதிலேயே ஒரு சௌகரியமும் அடங்கியிருக்கிறது. புது ரவுட்டர் வாங்கும்போது, பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையும் எழுத்து பிசகாமல் வைத்து, பாதுகாப்பு முறையையும் முன்போலவே அமைத்தால், டிவியும் காமிராவும் பிரிண்டரும் மாற்றத்தை அறியாமலே வந்து ஒட்டிக்கொள்ளும். இதற்கு மாறாக, பெயரை அப்படியே விட்டுவிட்டுக் கடவுச்சொல்லை மட்டும் மாற்றினால், சாதனங்கள் பழைய சாவியையே பிடித்துக்கொண்டு முட்டிக்கொண்டிருக்கும். அமைப்புகளுக்குள் போய் அந்த நெட்வொர்க்கை அடியோடு மறக்கச் செய்துவிட்டு, புதிதாக இணைப்பதே பரிகாரம்.

இனி, கடவுச்சொல் சரியாக இருந்தும் தவறென்று பழி வரும் சந்தர்ப்பங்கள். 2018இல் டபிள்யூபிஏ3 வந்தது. அது பழைய பரிமாற்றத்துக்கு முன்பாகவே வேறொரு கணக்கை வைத்துச் சோதிப்பதால், ரவுட்டரில் அதை மட்டும் தேர்ந்தெடுத்து வைத்தால் பழைய கைப்பேசிகளும் பிரிண்டர்களும் வாசலிலேயே நின்றுவிடும். இரண்டும் கலந்த முறையில்கூடச் சில தடுமாறும். டபிள்யூபிஏ2 முறைக்கு மாற்றிப் பார்த்தவுடன் இணைந்தால், குற்றம் எங்கேயிருந்தது என்பது தெளிவாகிவிடும். ஸ்மார்ட் பல்பு, பிளக் முதலியவற்றில் மிகப்பல 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மாத்திரமே அறியும். கைப்பேசி 5 கிகாஹெர்ட்ஸில் இருக்க, அதன் வழியாகப் பல்பை இணைக்க முயலும்போது, அலைவரிசையின் பேதத்தைச் சொல்லத் தெரியாத செயலி கடவுச்சொல்லைச் சரிபார்க்கச் சொல்கிறது. தூரமும் இவ்வாறே ஏமாற்றும். இரண்டு கான்கிரீட் சுவர்களுக்கு அப்பாலுள்ள படுக்கையறையில், நான்கு செய்திகளில் ஒன்று திரும்பத் திரும்ப வழியில் தொலைந்தாலும், பரிமாற்றம் பூர்த்தியாகாமல் அதே பழி எழக்கூடும். ரவுட்டரின் எதிரிலேயே நின்று அதே சொல்லைத் தட்டிப் பார்ப்பது செலவில்லாத பரீட்சை. அங்கே இணைந்தால் கடவுச்சொல் நிரபராதி.

இணைந்துவிட்டது, ஆனால் இணையம் இல்லை என்று வரும் புகாரை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அங்கே கடவுச்சொல் தன் கடமையை முடித்துவிட்டது. கோளாறு பெரும்பாலும் ரவுட்டருக்கு வெளியே ஃபைபர் கம்பியிலோ, கட்ட மறந்த மாதச் சந்தாவிலோ இருக்கும்.

உண்மையிலேயே மறந்துபோனவர்கள், வீட்டில் ஏற்கெனவே இணைந்திருக்கும் சாதனம் ஒன்றைத் தேடுவது நலம். ஆண்ட்ராய்டு 10 முதற்கொண்டு, வைஃபை அமைப்பில் பகிர் என்பதைத் தொட்டால் கியூஆர் கட்டம் தோன்றும். புதுக் கைப்பேசியின் காமிராவைக் காட்டினால் போதும், தட்டச்சுப் பிழைக்கே இடமில்லை. 2022இல் வந்த ஐஓஎஸ் 16 முதல் ஐபோனிலும் சேமித்த கடவுச்சொல்லைப் பார்க்கலாம். விண்டோஸ் கணினியில் வயர்லெஸ் இணைப்பின் பண்புகளுக்குள் பாதுகாப்புப் பகுதியில், எழுத்துக்களைக் காட்டும் வசதி இருக்கிறது. ரவுட்டரில் பொத்தானை அழுத்திக் கடவுச்சொல் இல்லாமலே சேர்த்துக்கொள்ளும் டபிள்யூபிஎஸ் என்ற குறுக்குவழியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அதன் 8 இலக்க எண் முறையை ஏறத்தாழ 11,000 முயற்சிகளில் உடைத்துவிடலாம் என்பது 2011இலேயே நிரூபணமாகிவிட்டது.

எல்லா உபாயங்களும் பொய்த்த பிறகே, குண்டூசியால் ரீசெட் துவாரத்தை அழுத்த வேண்டும். சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் ரவுட்டர் ஆலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பி, சீட்டிலுள்ள பெயரும் கடவுச்சொல்லும் உயிர்பெறும். ஆனால் நம்மூர் ஃபைபர் இணைப்புக்கள் பலவற்றில், நிறுவனத்தோடு பேசுவதற்கென்று பிபிபிஓஇ என்னும் முறையில் தனியாக ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும், சில இடங்களில் இணைப்பின் தடத்தைக் குறிக்கும் விலேன் எண்ணும், அதே பெட்டிக்குள் எழுதப்பட்டிருக்கின்றன. ரீசெட் அவற்றையும் சேர்த்தே துடைத்துவிடும். வைஃபை சிரமமில்லாமல் இணையும், இணையம் மட்டும் வராது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் நெட்காரரைத் தேடி அலைய நேரும். நிர்வாகப் பக்கத்தில் அந்தப் பயனர் பெயர் தெரிந்தாலும் அதன் கடவுச்சொல் புள்ளிகளாகவே காட்சியளிக்குமாதலால், துவாரத்தைத் தொடுவதற்கு முன்பே நெட்காரரை ஃபோனில் அழைத்து மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.