கரண்டியும் சிலிப்பரும் மீன் பிடிக்கும்

பழைய தேக்கரண்டி, வார் அறுந்த சிலிப்பர், சாவி வளையம். இவற்றைக் குப்பையில் போடுமுன் சற்றுப் பொறுங்கள். தூண்டிலுக்கு நல்ல போலி இரைகளை இவற்றிலேயே செய்துவிடலாம்.

இது புதிய யோசனை அல்ல. கரண்டியின் கைப்பிடியை அறுத்து முள் மாட்டி மீன் பிடித்த அமெரிக்கர் ஜூலியோ பியூல், 1852இல் இவ்வகை இரைக்குக் காப்புரிமை பெற்றார். பின்லாந்து மீனவர் லாரி ரபாலா 1936இல் தக்கையைச் செதுக்கி, சாக்லெட் சுற்றிய தாளை ஒட்டி, உருக்கிய புகைப்படச் சுருளைப் பூசி ஓர் இரை செய்தார். கூட்டத்தில் தள்ளாடி நீந்தும் சிறுமீனையே பெரிய மீன் குறிவைக்கிறது என்பதை அவர் கவனித்திருந்தார். இரையின் அழகைவிட அசைவே முக்கியம்.

கரண்டியின் கைப்பிடியை நீக்கி, விளிம்பை அரத்தால் தேயுங்கள். இரு முனைகளிலும் துளையிட்டுச் சாவி வளையம் மாட்டுங்கள். குறுகிய முனையில் நரம்பு, அகன்ற முனையில் முள். இழுக்கும்போது வளைந்த பரப்பில் நீரின் அழுத்தம் சமமாக இருக்காது. கரண்டி ஒரு பக்கம் சாயும், உடனே மறுபக்கம் புரளும். வேகமாக இழுத்தால் முழுதாகச் சுழன்று நரம்பை முறுக்கிவிடும். குளியலறைத் தொட்டியிலேயே இதைச் சோதித்துப் பாருங்கள்.

அடுத்தது தவளை. சிலிப்பரின் மெத்தைப் பகுதியில் நுண்ணிய காற்றறைகள் நிறைந்திருப்பதால் அதன் அடர்த்தி நீரைவிடக் குறைவு, எனவே மிதக்கும். விரலளவு துண்டைத் தவளைபோலச் செதுக்கி, முகத்தைச் சற்றுக் குழிவாக்குங்கள். இழுக்கும்போது அந்தக் குழி நீரைத் தள்ளி 'பொளக்' என்று ஒலிக்கும். மீனின் உடலோரம் ஓடும் பக்கக்கோடு என்னும் உணர்வுறுப்பு, கலங்கல் நீரிலும் இந்த அதிர்வை அறியும். பின்பாரத்துக்கு இரும்பு நட்டு போதும், காரீயம் நஞ்சு.

1985இல் உலகச் சந்தையில் வெள்ளீய விலை சரிந்தபின் கைவிடப்பட்ட சுரங்கக் குட்டைகள் ஈப்போ, பத்து காஜா, கம்பார் வட்டாரங்களில் ஏராளம். அவற்றிலும் தோட்டப்புற ஓடைகளிலும் விரால் இனத்து அருவானும் தோமானும் வாழ்கின்றன. செவுள் இருந்தும் இவை மேலே வந்து காற்றைச் சுவாசித்தாக வேண்டும். மிதக்கும் தவளை இவற்றுக்குப் பொருந்துவது அதனால்தான். குட்டைகளின் கரை செங்குத்தானது, மணல் சரியும். பிள்ளைகள் தனியாகப் போகக்கூடாது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். நீர்ப்பரப்பில் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக எழும்பினால், கீழே தாயோ தந்தையோ காவல் இருக்கிறது என்று பொருள். அங்கே உங்கள் தவளையை வீசினால் பெரும்பாலும் மீன் கிடைக்கும்; பசியால் அல்ல, குஞ்சுகளைக் காக்கவே அது பாய்கிறது. காவல் போனால் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரையாகும். அந்த இடத்தை விட்டு நகர்ந்து வீசுங்கள். அடுத்த ஆண்டும் குட்டையில் மீன் இருக்கும்.