கூரையிலே மறைந்திருக்கும் பழுது

ஊரிலே தனித்திருக்கும் பெற்றோருக்கு மின்கட்டணச் சுமை வேண்டாமென எண்ணி, ஸ்தேனிலும் லா சப்பலிலும் உழைத்துச் சேர்த்த பணத்தில் கூரைமேற் சூரிய மின்தொகுதி பூட்டுவித்த குடும்பங்கள் எம்மிடையே உண்டு. 1990 முதல் ஆண்டுக்கணக்கில் மின்சாரமின்றி, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட யாழ்ப்பாணத்தாருக்குச் சொந்தக் கூரையே மின்நிலையமாவது சிறிய காரியமன்று. ஒளிபட்டு மின் பிறக்கும் விந்தையை 1839இல் தம் 19ஆவது வயதிற் கண்டறிந்தவர், நாம் வாழும் இதே பாரிஸ் நகரத்து எட்மொன் பெக்கரல் என்பதையும் இவ்விடத்து நினைவிற் கொள்ளலாம்.

ஆயினும் இத்தொகுதி பழுதுற்றால் வாய்திறந்து சொல்லாது. கூரையின் உற்பத்தி நின்றாலும் வீதிக் கம்பியிலிருந்து மின் வந்து விளக்கு எரியும். பட்டியல் வரும்போதே நட்டம் தெரியவரும். எனவே நாள்தோறும் மாலையில் இன்வேட்டர் காட்டும் அன்றைய உற்பத்தியைக் கொப்பியொன்றில் எழுதிவைத்தல் வேண்டும். 5 கிலோவாட் தொகுதி நல்ல வெயில் நாளில் ஏறத்தாழ 20 அலகு தரும். அயல்வீட்டுக் கணக்கோடு ஒப்பிடுதலும் நன்று. முகில் இரு வீட்டுக்கும் பொது. பழுதோ ஒரு வீட்டுக்கே உரியது.

எண் குறையும் விதமே நோயைக் காட்டிக்கொடுக்கும். மாதக்கணக்கில் மெல்லமெல்லக் குறைந்தால் தூசியும் பறவை எச்சமும் காரணமாகலாம். திடீரெனப் பாதியானால், இரு தகட்டு வரிசைகளுள் ஒன்று அறுந்திருக்கக்கூடும். பிற்பகலில் மட்டும் குறைந்தால், வளர்ந்துவிட்ட மரத்தின் நிழலைப் பாருங்கள். மழைக்கு மறுநாட் காலை நின்று, வெயிலேற இயங்கினால், இணைப்பில் நீர் கசிந்து மின் ஒழுகுகிறது என ஐயுறலாம். உச்சிவேளையில் அடிக்கடி நின்று இயங்கினால், வீதிக் கம்பியின் மின்னழுத்தம் மிகுந்திருக்கக்கூடும். அதனை மின் விநியோக நிறுவனத்துக்கு அறிவித்தல் வேண்டும்.

பழுதல்லாத ஒன்றும் உண்டு. 2025 பெப்ரவரி 9 அன்று இலங்கை முழுவதும் மின் தடைப்பட்டபோது, வெயில் இருந்தும் கூரைத் தொகுதிகள் நின்றன. கம்பியிற் பணிபுரிவோரின் உயிர்காக்க, வீதி மின் நின்றதும் இன்வேட்டர் தானே நின்றுவிடும். மின்கலச் சேமிப்பு உள்ள வீடுகளுக்கே இதில் விலக்குண்டு.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். ஆளியை அணைத்தாலும் பகலிலே தகடுகளில் மின் இருந்துகொண்டே இருக்கும். தளர்ந்த இணைப்பிலே தீப்பொறி எழுந்து கூரையே பற்றக்கூடும். கருகல் மணமோ உருகிய கம்பியோ கண்டால் முதியவர்களை ஏணியில் ஏறவிடாது, பயிற்சி பெற்ற மின்வினைஞரை அழைப்பியுங்கள். அவரிடமுள்ள வெப்பப் படக்கருவி, சூடேறிய தகட்டைத் தொடாமலே காட்டித்தரும்.

ஞாயிறுதோறும் ஊருக்குத் தொலைபேசியில் பேசுகிறோம். நலம் விசாரித்தபின், கொப்பியிலுள்ள எண்ணையும் ஒருதரம் கேட்போமாக.